சால்வைக்கு வராத அக்கா

அந்த அக்கா என்னிடம் முதலில் கேட்டது என் பெயரை அல்ல. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் காட்டினேன். முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "திருப்பு" என்றாள். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை.

"அதான பாத்தேன்" என்றாள்.

வெள்ளை அட்டையில் அவள் எதைப் பார்த்தாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் வாசலிலேயே எனக்கு வேர்த்துவிட்டது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் சமூகப்பணி படித்து முடித்த சூட்டோடு, மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டுக்கே போய் உதவும் ஒரு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்திருந்தேன். முக்கூடலும் அதைச் சுற்றியிருக்கும் ஊர்களும் என் பொறுப்பு. அம்மாவின் பழைய ஸ்கூட்டி, ஒரு தோள்பை, ஆளைப் பார்த்ததும் சிரிக்கும் வாய். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஆற்றின் இரண்டு கரையையும் புரட்டிப்போட்டுவிடலாம் என்ற நினைப்பில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. தெருவைப் பார்த்த நீளமான ஒற்றை அறை வீடு. இரும்புக் கட்டிலைக் கதவுக்கு நேராகப் போட்டிருந்தாள். ஜன்னல் கம்பியில் ஏதோ பழைய மோட்டார் பைக்கின் கண்ணாடியைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தாள். படுத்தபடியே தெருவின் இரண்டு முனையும் தெரியும். வருகிறவர் அவளைப் பார்ப்பதற்கு முன்பே அவள் அவரைப் பார்த்து முடித்திருப்பாள்.

கண்ணாடியில் வெளியாள் தெரிந்தால் மடியிலிருக்கும் சுளகு போர்வைக்குள் போய்விடும். பீடி இலையும் புகையிலைத் தூளும் வைத்துச் சுற்றுகிற முறம். வீடு முழுக்கப் புகையிலை நெடி அடிக்கும். முதல் நாள் எனக்குத் தும்மல் வந்தது.

"என்னக்கா, புகையிலை வாசனை?"

"பக்கத்து வீடு."

பக்கத்து வீடு மாவு மில்.

பீடி சுற்றுவது தெரிந்தால், 'உழைத்துச் சம்பாதிக்கிறவளுக்கு எதற்கு உதவி' என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள் என்பது அவள் கணக்கு. அப்படி யாருக்கும் நிறுத்த மாட்டார்கள் என்று நான் படித்ததையெல்லாம் சொன்னேன். "நிறுத்த மாட்டாவன்னு உறுதியாச் சொல்லுதியா?" என்றாள். உறுதியாக என்ற சொல் வந்ததும் என் நாக்கு கொஞ்சம் தடுமாறியது. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

எதைச் சொன்னாலும் அவளுக்கு அதன் பின்னால் ஒன்று நிற்கும். "நல்லா இருக்கியளாக்கா?" என்று கேட்டால், "யாரு கேக்கச் சொன்னா?" என்பாள். படுக்கைப் புண் வராமலிருக்க நிறுவனத்திலிருந்து ஒரு காற்று மெத்தை கொண்டுபோனேன். எனக்கென்னவோ ஒரு தேரையே இழுத்துக்கொண்டு போகிற பெருமை. அக்கா அதை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"இத எப்பம் திருப்பிக் கேப்பிய?"

"கேக்க மாட்டோம்க்கா."

"கேக்க மாட்டோம்னா, நீயா, ஆபீசா?"

"ஆபீஸ்தான்."

"ஆபீசுன்னா யாரு?"

மெத்தையை வாங்கிக்கொண்டாள். ஆனால் அது வந்த அட்டைப்பெட்டியைக் கிழிக்க விடவில்லை. திருப்பிக் கேட்கும்போது பெட்டி எங்கே என்று கேட்பார்களாம். பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு கேள்வியைக் கேட்டுப் பதிலை வாங்கிக்கொள்வாள். இரண்டு வாரம் கழித்து, பேச்சோடு பேச்சாக அதே கேள்வியைத் திரும்பக் கேட்பாள். கண்டுபிடித்து ஏன் என்றேன். "பொய்யின்னா ரெண்டாவது தடவ இன்னும் அழகா இருக்கும்ளா" என்றாள். அதற்கப்புறம் நான் உண்மையைக்கூட அழகில்லாமல் சொல்லப் பழகினேன்.

இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஆசை. படித்த பாடம் அப்படி. ஒரு நாள் அவளே சொன்னாள், கட்டட வேலையில் சித்தாளாக இருந்தபோது சாரம் சரிந்து விழுந்ததை. "சாரம் நல்லாருக்கு, ஏறுன்னான் மேஸ்திரி. ஏறுனேன்." அவ்வளவுதான் சொன்னாள். எனக்குள் மணி அடித்தது. அன்று மாலை அவளுடைய தங்கையிடம் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். தங்கை பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அவள் சிரித்துவிட்டாள்.

"நீ ஒருத்தி. சின்னப்பிள்ளையிலயே இவ இப்படித்தான். கோயிலுக்குப் போனா உண்டியல்ல காசு உள்ள விழுந்துச்சான்னு காத வச்சுக் கேப்பா."

"ஒரு தடவ விழலல்லா?" என்று கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

நிறுவனம் அவளுக்குச் செய்ததில் பெரிய விஷயம் மெத்தை இல்லை, செல்விதான். காலையில் ஒரு மணி நேரம் வரும் உதவியாளர் செல்வி. செல்வி தோள்பக்கம், தங்கை கால்பக்கம். இரண்டு பேர் சேர்ந்தால்தான் அக்காவைத் தூக்க முடியும். குளிப்பாட்டி, முதுகையும் இடுப்பையும் துடைத்துப் பார்த்து, சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு செல்வி அடுத்த ஊருக்கு பஸ் பிடிப்பாள், தங்கை பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். அந்த ஒரு மணி நேரம் இல்லையென்றால் அக்கா சாயங்காலம்வரை கிடந்த கிடைதான். கிடந்தால் புண் வரும். புண் வந்தால் அவளுக்கு வலிக்காது. அதுதான் பயமே. முன்பு ஒரு முறை அப்படி வந்த புண் எலும்புவரை போய், பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் குப்புறப் படுத்துக் கிடந்திருக்கிறாள்.

அந்தச் செல்வியையும் அவள் நம்பினாள் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் என்னிடம், "இவ நாலு நாளா ரொம்பச் சிரிக்கா. என்னன்னு கேளு" என்றாள். கேட்டேன். செல்விக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். அதைச் சொன்னதும் அக்கா, "மாப்பிள்ள எந்த ஊரு? அங்கன போயிருவாளா?" என்றாள்.

அந்த வருடம் எங்கள் அலுவலகத்தில் சில மாற்றங்கள் தெரிந்தன. தினமும் ஓடிய வேன் வாரத்துக்கு ஒரு நாள் ஓடியது. வெளியிலிருந்து வருகிற பணம் சுருங்கிவிட்டது என்று டீ குடிக்கும்போது பேசிக்கொண்டோம். ஆனால் ஒருங்கிணைப்பாளர் சார் கூட்டத்தில் குறைப்பு என்ற சொல்லைச் சொல்லவேயில்லை. 'அடுத்த கட்டம்' என்றார். அதுவரை பயனாளிகள் என்று சொல்லிவந்தவர்களை இனிமேல் 'பங்கேற்பாளர்கள்' என்று சொல்ல வேண்டும் என்றார். மரியாதையான சொல் என்று எனக்குப் பிடித்திருந்தது. வண்டியை விரட்டிக்கொண்டு போய் அக்காவிடம் சொன்னேன்.

"எதுல பங்கு?" என்றாள்.

"திட்டத்துலக்கா."

"பேர மாத்துனா பின்னால ஒண்ணு வரும். பாத்துக்கோ."

வந்தது. அழைப்பிதழாக வந்தது. அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தன்னிறைவு விழா. நன்றாகத் தேறியவர்கள் என்று சிலரைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கப் போகிறார்கள். அந்தச் சிலரில் அக்காவும் ஒருத்தி. யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஒரே சந்தோஷம். அவளுக்கு முகம் இறுகிவிட்டது.

"பீடி சுத்துறத நீ சொன்னியா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"சத்தியம்லாம் எதுக்குப் பண்ணுத? அப்பம் ஏதோ இருக்கு."

"அக்கா, சால்வை போடுவாங்க. சாப்பாடு உண்டு. சக்கர நாற்காலியோட ஏத்துற வேன் வாசலுக்கே வரும்."

"யக்கா, போயிட்டுத்தான் வாயேன். இந்தக் கட்டிலயும் கண்ணாடியயும் விட்டா ஒனக்கு என்ன இருக்கு?" என்றாள் தங்கை.

அக்கா தங்கையைப் பார்த்தாள். "ஏட்டி, உங்க பள்ளிக்கூடத்துல வாத்தியாருக்கு எப்பம் சால்வ போடுதாவ?"

"ரிட்டயர் ஆகும்போது."

"நான் எதுலருந்து ரிட்டயர் ஆகுதேன்?"

நான் ஏதோ சொல்லிச் சிரித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, அழைப்பிதழை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

விழா அன்று வேன் அவள் வீட்டு வாசலுக்குப் போயிருக்கிறது. "வயித்தால போகுது. ஏத்திக்கிடுதியா?" என்று டிரைவரைக் கேட்டிருக்கிறாள். டிரைவர் வண்டியை அங்கேயே திருப்பிவிட்டார்.

மண்டபத்தில் நாதஸ்வரம் வைத்திருந்தார்கள். மேடையில் சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. நடுவில் இசக்கி. பிறவியிலேயே கைகால் விறைத்துப்போன இளைஞன். பேச்சு குழறும், ஆனால் வலது கை ஆள்காட்டி விரலால் எல்லா வேலையும் செய்வான். அக்கா வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். அப்பா இல்லை. அம்மாவும் அவனும்தான். காலையில் வேறோர் உதவியாளர் வந்து அம்மாவோடு சேர்ந்து தூக்கி உட்கார வைத்தால் இரவுவரை கடையை அவனே பார்த்துக்கொள்வான். அவனுக்குச் சால்வை போட்டபோது அவன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பிறகு எல்லோரையும் ஓர் உறுதிமொழி சொல்ல வைத்தார்கள். 'இனி நான் யாரையும் சாராமல் என் சொந்தக் காலில் நிற்பேன்.' சக்கர நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒரே குரலில் அதைச் சொன்னார்கள். இசக்கி மற்றவர்கள் முடித்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொல்லி முடிக்கட்டும் என்று யாரும் மைக்கை எடுக்கவில்லை. நல்ல மனிதர்கள்தான் எல்லோரும். அதுதான் எனக்கு அப்புறம் குழப்பமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை சால்வை வாங்கிய யார் வீட்டுக்கும் உதவியாளர் வரவில்லை. அவர்களுடைய திட்டக்காலம் வெற்றிகரமாக நிறைவடைந்துவிட்டதாம்.

அக்காவிடம் ஓடினேன். "ஒங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?" அவளிடம் வெற்றிச் சிரிப்பு ஏதும் இல்லை. சுளகை மடியில் வைத்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள். என் முன்னால் சுளகை மறைக்காதது அன்றுதான் முதல் தடவை. அதை நான் வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

"என்னய ஏன் விட்டு வச்சிருக்காவ?" என்றாள்.

அந்தக் கேள்வியை அவள் மட்டும் கேட்கவில்லை. அந்த வாரமே, நான் அங்கே இருக்கும்போது, இசக்கியின் அம்மா அவள் வாசலில் வந்து நின்றாள்.

"ஒனக்கு மட்டும் ஆளு வருதாளாமே. ஆபீசுல யாரப் பிடிச்சு வச்சிருக்க?"

"நான் யாரப் பிடிச்சேன்? எந்திரிச்சு நிக்கவே முடியாதவ."

"சால்வைக்கு வராதன்னு ஒனக்கு யாரோ சொல்லியிருக்காவ. இல்லேன்னா ஒனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சவ எங்களுக்கு ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

"நீ சொன்னா யாருளா நம்புவா? நீ யார நம்பியிருக்க?"

கண்ணாடியில் தெருவே வேடிக்கை பார்ப்பது தெரிந்தது. மாவு மில் ஓட்டம்கூட நின்றிருந்தது. அந்த அம்மா போன பிறகு அக்கா என்னையே பார்த்தாள்.

"அவன இப்பம் எப்படித் தூக்குதா?"

"தூக்கலக்கா. பெட்ஷீட்ல வச்சு இழுக்காங்க. கட்டிலுக்கு ஏத்த முடியல. தரையிலதான் கெடக்கான். கடை பூட்டியிருக்கு."

அக்கா ஒரு பீடியைச் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

மறுநாள் காலையில் என்னையும் செல்வியையும் ஒன்றாக வரச்சொன்னாள். இனிமேல் செல்வி ஒரு நாள் இங்கே, மறுநாள் இசக்கி வீட்டில். செல்விக்கு இந்த ஊரில் அந்த ஒரு மணி நேரம்தான் உண்டு, அதனால் வேறு வழியில்லை. ஒருவருக்கென்று ஒதுக்கிய உதவியாளர் இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாது என்பது எங்கள் விதி. தெரிந்தால் அக்காவுக்கும் நின்றுவிடும், செல்விக்கும் வேலை போகும். சொன்னேன்.

"வெளிய தெரிஞ்சா ஒங்க ரெண்டு பேருல ஒருத்திதான் சொல்லியிருப்பிய" என்றாள் அக்கா. "எனக்கு வேற ஆளு மேல சந்தேகமே இல்ல."

"இவ்வளவு சந்தேகத்தோட எதுக்குக்கா செய்யணும்?" என்று கேட்டுவிட்டேன்.

"நாளைக்கு எனக்கு நின்னுபோனா அந்தப் பொம்பள வந்து வாசல்ல நின்னு சிரிக்கக் கூடாதுல்லா. அதுக்குத்தான்."

அதை நான் நம்பவில்லை. அவளோடு பழகியதில் எனக்கும் யாரையும் நம்பாத பழக்கம் கொஞ்சம் வந்திருந்தது.

செல்வி வராத நாட்களில் அக்கா படுத்தே கிடந்தாள். தங்கை தனியாக ஒரு பக்கம் புரட்டிவிட்டுப் போவாள், அவ்வளவுதான். ஒரு மாதம் தாண்டவில்லை, இடுப்பெலும்புக்கு மேலே தோல் சிவந்து உரிந்துவிட்டது. தங்கைதான் துணியை விலக்கி எனக்குக் காட்டினாள். "நீயாவது சொல்லு. கேக்கமாட்டேங்கா." அக்கா தலையைத் திருப்பாமலே, "செல்விகிட்டச் சொல்லாதிய. அங்கன போறத நிப்பாட்டிருவா" என்றாள். மருந்து வாங்கிவந்தேன். எந்தக் கடையில் வாங்கினேன், ஏன் அந்தக் கடை என்று கேட்டுவிட்டுப் போட்டுக்கொண்டாள்.

சோதனைக்கு ஆள் வந்ததும் அப்போதுதான். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வயதான சார், மிக மரியாதையாகப் பேசுகிறவர். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"செல்வி தினமும் வருகிறாராம்மா?"

"நீங்க தினமும் ஆபீசுக்குப் போவியளா சார்?"

"போவேனே."

"ஞாயித்துக்கெழம?"

"அன்னிக்குப் போக மாட்டேன்."

"அப்பம் ஏன் சார் தினமும்னு சொன்னிய?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு, எழுந்துகொண்டே, இசக்கி வீடு எங்கே என்று என்னிடம் கேட்டார். நாலு தெருவையும் எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தேன். இசக்கியின் அம்மாவுக்கு அக்காமேல் கோபம் இன்னும் ஆறவில்லை. ஒரு வார்த்தை போதும்.

"உங்க வீட்டுக்கு உதவிக்கு யாரும் வர்றாங்களாம்மா?" என்றார் சார்.

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. "யாரு வாரா? சால்வையப் போட்டதோட மறந்துட்டியளே. வந்திருக்கியள்லா, நீங்களே ஒரு கை பிடிச்சுத் தூக்கிவிட்டுட்டுப் போங்க" என்றாள். சார் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்.

வேகமாகத் திரும்பிப் போய் அக்காவிடம் சொன்னேன், அந்த அம்மா காட்டிக்கொடுக்கவில்லை என்று. கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"ஏன் சொல்லல?" என்றாள். "என்ன வேணுமாம் அவளுக்கு?"

எல்லாம் சில மாதங்கள்தான். பணம் முழுதாக நின்றது. இந்த முறை விழா இல்லை, சால்வை இல்லை. கைபேசியில் ஒரு தகவல் வந்தது, எல்லோருக்கும் ஒரே நாளில். என் வேலையும் அதோடு போயிற்று. செல்வி திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். நான் வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பங்கள் போட்டேன். ஆனால் காலையில் விழித்ததும் அந்தச் சிவந்த தோல்தான் கண்ணில் நின்றது. ஒரு நாள் முதல் பஸ்ஸைப் பிடித்து முக்கூடலில் போய் இறங்கினேன்.

அக்கா வீட்டு வாசலில் இசக்கியின் அம்மா நின்றுகொண்டிருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். உள்ளே தங்கை கொண்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் போய்க் கூட்டிவந்திருக்கிறாள் போல. கட்டிலில் அக்கா அந்த அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவ எதுக்கு வந்திருக்கா?"

"ஒன் மூஞ்சியப் பாக்க ஆசப்பட்டு வரல" என்றாள் அந்த அம்மா. "ஒன் தங்கச்சியால ஒத்தையில ஒன்னத் தூக்க முடியாது. என்னால ஒத்தையில இசக்கியத் தூக்க முடியாது. இங்கன முடிச்சுட்டு ரெண்டு பேருமா அங்கன போவோம். அம்புட்டுத்தான்."

"இவளுக்கு எட்டு மணிக்கு வேலக்கிப் போணும்."

"தெரியும். அதான் வெள்ளன வந்தேன்."

"நாளைக்கும் வருவியா?"

"இவ அங்கன வந்தா நான் இங்கன வருவேன். இவ வரலேன்னா நானும் வர மாட்டேன்."

அக்கா அதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் உருட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கம் பார்த்தும் அதில் ஓட்டை தெரியவில்லை போலிருக்கிறது.

"அது சரி" என்றாள்.

யாரிடமும் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு கைகளையும் தூக்கி அந்த அம்மாவின் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். அந்த அம்மா மூச்சைப் பிடித்தாள். தங்கை கால்பக்கம் குனிந்தாள். அப்போதுதான் அந்த அம்மாவின் தோளுக்கு மேலாக அக்காவின் கண் வாசலில் நின்ற என்மேல் விழுந்தது.

"ஒனக்குத்தான் வேல போயிட்டே. நீ ஏம்ளா வந்த?"

பஸ்ஸில் வரும்போது இதற்கு ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன். அது மிக அழகாக இருந்தது. அதனால் சொல்லவில்லை.

"சும்மாத்தான்க்கா."

"சும்மான்னு ஒண்ணு கெடையாது" என்றாள். அந்த அம்மாவின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "சரி, வந்தது வந்துட்ட. அந்த எடது காலப் பிடி. பைய."